ஐம்பது வயதுக்குப் பின் திருநங்கையாக வாழ்தல்: தோட்டப்புற நகரவாசிகளுக்கான முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, வேலையில் ஓய்வை நெருங்கி, அதன்பின் பெண்ணாக வாழத் தீர்மானித்தவர்களுக்காக எழுதப்படுகிறது. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளுக்கு வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறித்திருக்கிறேன். நானும் ஐம்பதைக் கடந்த பிறகே இந்த வாழ்க்கைக்கு வந்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எனக்குப் பின் வந்த சிலருடன் மருத்துவமனைக்கும், அடையாள அட்டை வழங்கும் பதிவிலாகாவுக்கும் துணையாகச் சென்றும் வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் தடுமாறியதற்குத் துணிச்சல் குறைவு காரணமாக இருக்கவில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் வைப்பது என்ற வரிசை தெரியாததே காரணமாக இருந்தது.

தலைநகரில் வேறொரு குடியிருப்புக்கு மாறிவிட்டால் அக்கம்பக்கத்தாருக்கு உங்கள் பழைய வாழ்க்கை தெரியாது. தோட்டப்புற நகரில் அப்படியில்லை. உங்கள் தகப்பனார் எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தார் என்பதுவரை மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். உங்களுடன் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் இன்று கோயில் தலைவராக இருப்பார். ஆகவே இங்கே செய்ய வேண்டிய வேலை, பழைய உறவுகள் ஒவ்வொன்றையும் முறையாகப் புதிய நிலைக்குக் கொண்டுவருவதுதான். அதற்குக் கீழ்க்கண்ட வரிசை உதவும்.

1. வீடும் வருமானமும் முதலில்

யாரிடமும் எதையும் சொல்வதற்கு முன், நீங்கள் தங்கியிருக்கும் கூரை யாருடையது என்று பாருங்கள். தோட்ட நிறுவனம் கொடுத்த வீட்டில் இருப்பவர் வேலையைவிட்டு நின்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும். வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கும்போது, மண்டோருடனோ (வேலைக் கண்காணிப்பாளருடனோ) நிர்வாகத்துடனோ ஏற்படும் ஒரு மனத்தாங்கல் இரண்டையும் சேர்த்துப் பறித்துவிடக்கூடும். எனவே நகரத்தில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டையோ அறையையோ உங்கள் பெயரில் வாடகைக்கு எடுத்து, எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். மகன் பெயரில் உள்ள வீட்டில் இருப்பவருக்கும் இதே அறிவுரைதான். மகன் நல்லவராக இருக்கலாம், ஆனால் மருமகளின் வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியாது.

அடுத்தது பணம். ஊழியர் சேமநிதியிலிருந்து 55 வயதில் பணம் எடுக்கலாம். அந்தத் தொகையை மொத்தமாக எடுத்து அறுவைச் சிகிச்சைக்குக் கொடுத்துவிடும் அவசரத்தைத்தான் புதியவர்களிடம் நான் அடிக்கடி காண்கிறேன். அறுவைச் சிகிச்சை இந்த வரிசையில் மிகவும் பின்னால் வருவது, பலருக்குத் தேவையே படாதது. குறைந்தது ஓராண்டுக்கான வாடகையும் மருந்துச் செலவும் கையில் ஒதுக்கப்பட்டிருந்தால்தான், வீட்டில் பேச்சு முறிந்தாலும் நீங்கள் தெருவில் நிற்கமாட்டீர்கள்.

மூன்றாவதாக, நடு இரவில் அழைத்தாலும் எடுத்துப் பேசக்கூடிய ஒருவரையாவது முன்கூட்டியே தேடிக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் உள்ள பி.டி. அறநிறுவனமும், திருநங்கையரே நடத்தும் சீட் அறநிறுவனமும் நம் நிலையை அறிந்தவை. தொலைவில் இருந்தாலும் தொலைபேசியில் வழிகாட்டக் கேட்கலாம். மனம் மிகவும் சோர்ந்த இரவுகளுக்கு, நாள் முழுவதும் இயங்கும் பெஃபிரெண்டர்ஸ் தொலைபேசிச் சேவை இருக்கிறது. அந்த எண்ணைத் தேவை வரும் முன்பே கைப்பேசியில் பதிந்துவையுங்கள், ஏனெனில் தேவை வந்த இரவில் தேடும் நிதானம் இருக்காது.

2. உடலைப் பரிசோதித்த பிறகே மருந்து

இருபது வயதில் தொடங்குபவருக்கும் ஐம்பத்தைந்தில் தொடங்குபவருக்கும் மருந்து ஒன்றாக இருக்கலாம், ஆபத்து ஒன்றல்ல. நம் சமூகத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத ஐம்பது வயதுக்காரரைப் பார்ப்பதே அரிது. ஆகவே உடலைப் பெண்மைப்படுத்தும் ஹார்மோன் மருந்துக்கு முன் முழு உடல் பரிசோதனை வேண்டும். அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். அரசின் உதவித்தொகை பெறும் குடும்பத்தில் 40 வயதைக் கடந்தவராக இருந்தால், பெக்கா பி40 திட்டத்தின்கீழ் பதிவு பெற்ற தனியார் கிளினிக்கிலும் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், இரத்த அழுத்தம் ஆகியவற்றின் முடிவுகளை ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். ஹார்மோன் தரும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அந்த மருத்துவர் உங்கள் ஊரில் இருக்கமாட்டார். ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் போன்ற இடங்களில் நாளமில்லாச் சுரப்பி நிபுணரையோ, திருநங்கையருக்குச் சிகிச்சையளித்த அனுபவமுள்ள பொது மருத்துவரையோ நாட வேண்டும். பயணம் அலுப்பாக இருக்கிறது என்று தோழி கொடுத்த கருத்தடை மாத்திரையை இரண்டு மூன்றாகச் சேர்த்து விழுங்குவதுதான் இந்தப் படியில் நடக்கும் மிகப் பெரிய தவறு. பெரும்பாலான கருத்தடை மாத்திரைகளில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடியோல் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் இரத்தம் உறைவதைத் தூண்டுகிறது. வயதும் புகைப்பழக்கமும் உடல் எடையும் சேர்ந்தால் காலில் கட்டிய இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிரையே பறிக்கும். வயது கூடியவர்களுக்குத் தோலின் வழியே உட்செல்லும் எஸ்ட்ராடியோல் ஒட்டுப்பட்டையோ களிம்போ பாதுகாப்பானது என்பதால் மருத்துவர்கள் அதைப் பரிந்துரைப்பதுண்டு; கிடைக்குமா, என்ன விலை என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இதற்குக் காரணம் உண்டு. ஆண் ஹார்மோனைத் தடுக்கக் கொடுக்கப்படும் ஸ்பைரோனோலாக்டோன் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும். இரத்த அழுத்தத்துக்கு நம்மில் பலர் சாப்பிடும் பெரிண்டோபிரில் வகை மருந்தும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால், அதிலும் நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, இதயத் துடிப்பு தடுமாறும். இன்னொரு தடுப்பு மருந்தான சைப்ரோடெரோனை அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால் மூளையுறையில் கட்டி வளரும் ஆபத்து கூடுகிறது என்பதால், 2020இல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தது. இளையவர்கள் சாப்பிடும் அளவை அப்படியே பின்பற்றாதீர்கள்.

முதல் ஆண்டில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை தேவை. மாற்றங்கள் மெதுவாகத்தான் வரும்: தோல் மென்மையாவதும் மார்பு வளரத் தொடங்குவதும் மூன்று முதல் ஆறு மாதங்களில் தென்படும், மார்பு முழு வளர்ச்சியை எட்ட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அளவைக் கூட்டினால் விரைவு கூடுவதில்லை, ஆபத்துதான் கூடும். குரல் ஹார்மோனால் மாறாது, பயிற்சியால்தான் மாறும். திருநம்பிகளுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டெரோனால் குரல் தானாகவே தடிக்கும், ஆனால் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றனவா என்று தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

தாடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் வயதானவர்கள் பணத்தை வீணாக்குவது இதில்தான். லேசர், முடியின் கருநிறத்தைப் பற்றிக்கொண்டுதான் வேரை அழிக்கிறது. நரைத்த முடியில் பற்றுவதற்கு நிறம் இல்லை. பாதி நரைத்த தாடியுடன் பத்துத் தடவைக்கான லேசர் தொகுப்பை முன்பணம் கட்டி வாங்கிவிட்டு, கறுத்த முடி போய் வெள்ளை முடி மட்டும் மிஞ்சி நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். கறுப்பு முடிக்கு, நம் தோல் நிறத்துக்கு ஏற்ற என்டி-யாக் வகை லேசர் இருக்கிறதா என்று கேளுங்கள். நரைமுடிக்கு ஒவ்வொரு வேரிலும் மின்னூசி வைத்து அகற்றும் முறைதான் பலன் தரும். முகத்தில் நரை கூடுவதற்கு முன் லேசரை முடித்துக்கொள்வது நல்லது. ஆகவே ஊரில் யாரிடமும் இன்னும் சொல்லாத காலத்திலேயே, ஹார்மோனுக்கும் முன்பாகக்கூட, இந்த ஒரு வேலையைத் தொடங்கிவிடலாம். ஆண் ஒருவர் தாடியை அகற்றுவதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

3. குடும்பத்தில் சொல்லும் வரிசை

தீபாவளி அன்று எல்லாரும் கூடியிருக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். கூட்டத்தில் ஒருவர் கோபப்பட்டால், மனத்தளவில் ஏற்கத் தயாராக இருந்தவரும் அந்தக் கோபத்தின் பக்கம் சாய வேண்டிய கட்டாயம் வந்துவிடும். ஒவ்வொருவராக, தனியாக, அவர்களுக்கு வேலையில்லாத ஒரு நாளில் சொல்லுங்கள்.

மனைவி உடனிருந்தால் முதல் உரிமை அவருக்கே. பிள்ளைகளுக்குத் தெரிந்த பிறகு தமக்குத் தெரியவந்தால், அந்தக் காயம் இந்தச் செய்தியையே மிஞ்சிவிடும். அவரிடம் பேசும்போது அவருடைய வாழ்வாதாரத்தைப் பற்றிய பதிலையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்: வீடு யாருக்கு, மாதச் செலவு எப்படி, ஊரார் கேட்டால் என்ன சொல்வது. இவற்றுக்கு விடை கிடைத்த பிறகுதான் அவரால் உங்களுக்காக வருந்தவோ அழவோ முடியும். சட்டப்படி, உங்கள் அடையாள அட்டையில் பாலினம் மாறாதவரை உங்கள் திருமணம் அப்படியே நிலைத்திருக்கிறது. பிரிவதென்று இருவரும் முடிவெடுத்தால், திருமணமாகி இரண்டு ஆண்டுகள் கடந்த முஸ்லிம் அல்லாதவர்கள் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்கீழ் கூட்டாக மனுச் செய்யலாம். ஒருவர் மீது ஒருவர் குற்றம் சாட்டத் தேவையில்லை. பிரியாமல் ஒரே வீட்டில் தோழியராக வாழ்பவர்களும் இருக்கிறார்கள். எது சரி என்பதை அந்த இருவரைத் தவிர வேறு எவரும் தீர்மானிக்க முடியாது.

பிள்ளைகளில், உங்களிடம் அதிகம் பேசும் பிள்ளையிடம் அடுத்து சொல்லுங்கள். அவரே மற்றவர்களுக்குப் பாலமாக இருப்பார். இது நோயா, மனநோயா என்று கேட்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம், 2022 முதல் நடைமுறைக்கு வந்த தனது நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் இதை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்று பதில் சொல்லலாம். ஆனால் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் வேறொரு கேள்வி இருக்கும்: தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது என்ன செய்வது? இந்த அச்சத்தை அற்பமாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். சம்பந்தம் பேசும் இடத்தில் மறைத்து, பின்னர் தெரியவந்தால் பாதிக்கப்படுவது மகள்தான். பெண் பார்க்க வருவதற்கு முன்பே, மாப்பிள்ளையிடம் மகளே நேரடியாகச் சொல்லிவிடுவதுதான் நான் கண்டவரை நன்றாக முடிந்திருக்கிறது. அதைத் தாங்காத சம்பந்தம் பின்னாளில் வேறு எதையும் தாங்கியிருக்காது.

கல்யாணப் பத்திரிகையும் ஒரு பெரிய இடர். பெற்றோர் பெயர் அச்சாகும் இடத்தில் உங்கள் பழைய பெயரா, புதிய பெயரா, ‘திரு’வா, ‘திருமதி’யா என்ற சண்டை அச்சகத்துக்குப் போகும் நாளில்தான் வெடிக்கும். நானறிந்த ஒரு குடும்பம், ‘திரு’, ‘திருமதி’ என்ற முன்னொட்டுகள் அனைத்தையும் இரு வீட்டாருக்குமே எடுத்துவிட்டு, எல்லாருடைய பெயரையும் வெறுமனே அச்சிட்டது. மணமகளின் பெற்றோர் வரிசையில் இரண்டு பெயர்கள் அருகருகே இருந்தன, அவ்வளவுதான். பத்திரிகையைப் பார்த்தவர்கள் எவரும் அதை ஒரு குறையாகக் கவனிக்கவில்லை. இதைப் பத்திரிகை அடிப்பதற்கு ஒரு மாதம் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

அழைக்கும் முறையில் பொறுமை வேண்டும். உங்களை முப்பது ஆண்டுகளாக ‘அப்பா’ என்று அழைத்த பிள்ளை வேறு சொல்லுக்கு மாறாமலே போகலாம். வீட்டுக்குள் ‘அப்பா’ என்பதை ஏற்றுக்கொண்டு, கடைத்தெருவில் மட்டும் அந்தச் சொல்லால் சத்தமாக அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ‘பாட்டி’ என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் மறுநாள் அவர்களே பெரியவர்களைத் திருத்துவார்கள். அண்ணன் தம்பிகளுக்கும் சித்தப்பா பெரியப்பாக்களுக்கும் நீங்களே ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. அந்தத் தலைமுறையில் எல்லாரும் மதிக்கும் ஓர் அத்தையோ சின்னம்மாவோ இருப்பார். அவர் உங்களை ஒருமுறை ‘வாம்மா’ என்று அழைத்துச் சோறு போட்டுவிட்டால், அந்தச் செய்தி தானாகவே எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

4. பெயரும் அடையாள அட்டையும்

பலரும் முதலில் ஓடிவரும் படி இது. நான் நான்காவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பெயரை மாற்றினால் வங்கி, சேமநிதி, காப்புறுதி, வாகன உரிமம், வருமானவரி என எல்லா இடங்களிலும் மாற்ற வேண்டும். சேமநிதிப் பணத்தை எடுக்கும் வேலையோ வீட்டுக் கடன் வேலையோ பாதியில் நிற்கும்போது பெயரை மாற்றினால் இரண்டும் சிக்கிக்கொள்ளும். அவற்றை முடித்துவிட்டு வாருங்கள்.

நம் நாட்டில் எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதில் தெளிவு வேண்டும். மைகார்டு எனும் அடையாள அட்டையில் பாலினத்தைத் தேசியப் பதிவிலாகா மாற்றித் தருவதில்லை. வெளிநாட்டில் முழு அறுவைச் சிகிச்சை முடித்துச் சான்றிதழுடன் வந்தாலும் நிலைமை அதுவே. 2005இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது; 2016இல் ஒரு திருநம்பிக்கு உயர் நீதிமன்றத்தில் கிடைத்த வெற்றியை 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அட்டை மாறும் என்ற நம்பிக்கையில் எவரும் அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டாம். உங்கள் உடலுக்காக அது வேண்டுமென்றால் மட்டும் செய்துகொள்ளுங்கள். அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் ஆண், இரட்டைப்படையாக இருந்தால் பெண் என்பதையும், பெயருக்கு நடுவே ‘இன்னாரின் மகன்’ என்ற பொருளில் நிற்கும் ‘ஏ/எல்’ என்பதையும் முகப்பு அதிகாரிகள் ஒரு பார்வையில் படித்துவிடுவார்கள்.

பெயர் மாற்றம் வேறு விஷயம். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் பிரமாணப் பத்திரம் ஒன்றைச் செய்து, பதிவிலாகாவில் விண்ணப்பிக்கலாம். எனினும் பெயர் பாலினத்துக்குப் பொருந்தவில்லை என்று அதிகாரி மறுக்கக்கூடும். ஆகவே இருபாலருக்கும் வழங்கும் பெயராகத் தேர்ந்தெடுங்கள்: சந்திரன் சந்திராவாகவும், குணசேகரன் குணாவாகவும் மாறுவதில் மறுக்க அதிகம் இருக்காது, ஜீவா, சசி, மணி போன்ற பெயர்களும் அப்படியே. அட்டையில் குணா என்று இருந்தாலும் ஊரில் உங்களைக் குணவதி என்று அழைக்கத் தடையேதும் இல்லை. பழைய பெயரின் முதலெழுத்தையே வைத்துக்கொள்வதில் இன்னொரு நன்மை, கையெழுத்தை மாற்ற வேண்டியதில்லை. ஐம்பது வயதில் கையெழுத்தை மாற்றினால் வங்கியில் காசோலைகள் திரும்பும்.

அட்டை பழுதாகியோ பெயர் மாறியோ புதிய அட்டை எடுக்கும்போது, முகப்பிலேயே புதிதாகப் படம் எடுப்பார்கள். அன்று தோளை மூடிய, கழுத்துப்பட்டையுள்ள, அடர்நிறச் சட்டையோ மேலாடையோ அணிந்து, தலைமுடியை அன்றாடம் இருப்பதுபோல் வாரிச் செல்லுங்கள். படத்துக்காக ஆண் வேடம் போட்டுக்கொண்டு போவது பெருந்தவறு. படமும் முகமும் பொருந்தினால் பாதிக் கேள்விகள் எழுவதில்லை.

வங்கியில் ‘இது உங்கள் அட்டையா?’ என்று இழுத்தால் குரலை உயர்த்தாமல், ‘கைரேகையைச் சரிபாருங்கள்’ என்று சொல்லுங்கள். மைகார்டின் சில்லில் உங்கள் பெருவிரல் ரேகை இருக்கிறது. கருவியில் விரலை வைத்ததும் வாதம் முடிந்துவிடும். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை தூக்கியும் ரேகை தேய்ந்தவர்கள், முதல்நாள் இரவே விரல்களில் எண்ணெய் தடவி, காலையில் கழுவித் துடைத்துச் சென்றால் ரேகை ஓரளவு தெளிவாகப் பதியும்.

5. தொழில்

மாற்றத்துக்குப் பின் பழைய வேலையிலேயே தொடர முடிந்தால் நல்லது. தொழிற்சங்க உறுப்பினராக இருப்பவர், நிர்வாகத்திடம் பேசும் முன் கிளைச் செயலாளரிடம் பேசுங்கள். 2023 முதல் நடப்பிலுள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, வேலையிடத்துப் பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். பாலின அடையாளம் என்ற சொல் அதில் இல்லாததால், நடந்தவற்றைத் தேதியுடன் எழுதிவைப்பது முக்கியம்.

பெரும்பாலோர் சொந்தமாக ஏதேனும் தொடங்குகிறார்கள்: பூமாலை, தையல், பலகாரம், இரவுச் சந்தையில் வடைக் கடை. இங்கே ஒரு நுணுக்கம். வாடிக்கையாளர் கியூ.ஆர். குறியைக் கைப்பேசியால் வருடியதும் திரையில் கணக்கு வைத்திருப்பவரின் பெயர் வரும். உங்கள் சொந்தக் கணக்காக இருந்தால் ‘ஏ/எல்’ உடன் முழுப் பழைய பெயரும் வரும். வடை வாங்க வந்த பிள்ளை, ‘அக்கா, இது யார் பேரு?’ என்று வரிசையில் எல்லார் முன்னிலையிலும் கேட்கும். இதைத் தவிர்க்க, நிறுவன ஆணையத்தில் வணிகப் பெயரில் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். அந்தப் பெயரில் வங்கிக் கணக்கைத் திறந்து, கியூ.ஆர். குறியையும் அதிலேயே வாங்குங்கள். திரையில் கடையின் பெயர் மட்டுமே வரும். கூடுதலான அந்த 30 ரிங்கிட் இந்த வழிகாட்டியிலேயே மிகப் பயனுள்ள செலவு.

6. கடைத்தெருவும் கோயிலும்

உடையை ஒரே நாளில் மாற்றி ஊர் முழுக்க நடக்க வேண்டியதில்லை. நாள்தோறும் போகும் ஒரு கடையில் தொடங்குங்கள். மளிகைப் பொருள் வாங்க அரசு தரும் ‘சாரா’ (SARA) உதவிப் பணத்துக்கு எப்படியும் மைகார்டை நீட்ட வேண்டியிருக்கும் என்பதால், உங்களை அறிந்த மளிகைக் கடையே அதற்கு ஏற்றது. கடைக்காரர் ஏற்றுக்கொண்டால், அங்கே வருபவர்களுக்கு அவரே விளக்கம் சொல்லிவிடுவார். கூட்டம் குறைந்த பிற்பகல் நேரத்தில் செல்லுங்கள். நரை விழுந்த வயதுக்கு ஏற்ற பருத்திச் சேலையும் சுடிதாரும், நம் ஊரில் அந்த வயதுப் பெண்கள் உடுத்துவதையே உடுத்துங்கள். பல ஆண்டு ஏக்கத்தில் பட்டும் கனத்த முகப்பூச்சும் அணியத் தோன்றுவது இயல்பு, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் தொடக்க மாதங்களில் பார்வைகள் குறைவாக விழுந்தால் மனம் வேகமாக நிலைபெறும்.

பொதுக் கழிப்பறையைப் பொறுத்தவரை, முன்கூட்டியே திட்டமிடுவதே நல்லது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அறை எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது சிறுநீரகத்தைப் பாழாக்கும்.

கோயிலுக்கு வருவோம். திருவிழா அன்று பால்குட வரிசையில் போய் நின்றுவிட்டு, யாரும் ஏதும் சொல்லமாட்டார்கள் என்று நம்புவது ஆபத்து. பக்தியின் நடுவே வரும் அவமானம் வேறெந்த அவமானத்தையும்விட ஆழமாக இறங்கும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்பே, சாதாரண வெள்ளிக்கிழமைகளில் சென்று வாருங்கள். கோலம் போடுவது, பூக்கட்டுவது, அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது என்று பெண்கள் செய்யும் வேலையில் கலந்துகொள்ளுங்கள். காய் நறுக்கும் இடத்தில்தான் ஊர்ப் பெண்களின் ஏற்பு தொடங்குகிறது. அவர்கள் உங்களை ‘அக்கா’ என்று அழைக்கத் தொடங்கிய பிறகு, பூசாரியையும் தலைவரையும் வீட்டில் சந்தித்து, இந்த ஆண்டு பால்குடம் எடுக்க விரும்புவதைச் சொல்லுங்கள். மறுத்தால் அவர்களுடன் வாதாடி ஊரை இரண்டாக்க வேண்டாம். பக்கத்துத் தோட்டத்து மாரியம்மனும் அதே மாரியம்மன்தான், அங்கே கேளுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் ஊரிலேயே பதில் மாறக்கூடும்.

7. காவலரும் சட்டமும்

முஸ்லிம் அல்லாதவர்கள் மீது மாநில ஷரியா குற்றச் சட்டங்கள் செல்லாது; அதிகாரிகள் தடுத்தால் அட்டையைக் காட்டிப் பொறுமையாக அதைச் சொல்லுங்கள். முஸ்லிம் வாசகர்களின் நிலை வேறு. பெண் உடை அணிவதைக் குற்றமாக்கிய நெகிரி செம்பிலான் சட்டப் பிரிவை 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தாலும், 2015இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நடைமுறைக் காரணத்தால் ரத்து செய்துவிட்டது. முஸ்லிம் வாசகர்கள், திருநங்கையர் உரிமைக்காக இயங்கும் ஜஸ்டிஸ் ஃபார் சிஸ்டர்ஸ் போன்ற அமைப்பிடமோ வழக்கறிஞரிடமோ ஆலோசனை பெறாமல் இந்த வழிகாட்டியின் ஆறாம் படியைப் பின்பற்ற வேண்டாம். எல்லாருக்கும் பொதுவாக, அநாகரிக நடத்தை பற்றிய 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தின் 21ஆவது பிரிவு காவலரின் கையில் இருக்கிறது. கைதானால் வழக்கறிஞரை அழைக்கக் கேளுங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஈப்போவிலும் உண்டு.

8. மருத்துவமனைப் படுக்கையும் அதற்குப் பின்னும்

வயதான பிறகு இந்த வாழ்க்கைக்கு வந்த நமக்கு இந்தப் படியை ஒத்திவைக்க நேரமில்லை. மருத்துவமனையில் வார்டு பெரும்பாலும் அட்டையைப் பார்த்தே ஒதுக்கப்படும். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துச் செல்பவராக இருந்தால், முதல் சந்திப்பிலேயே வார்டுத் தலைமைத் தாதியிடம் தனியே பேசி, தனியறையோ ஓரத்துப் படுக்கையோ கேளுங்கள். அவசரப் பிரிவுக்கு மயக்கத்தில் போகும் நாளுக்காக, நீங்கள் சாப்பிடும் ஹார்மோன், அதன் அளவு, மருத்துவரின் எண், அழைக்க வேண்டியவரின் எண் ஆகியவற்றை எழுதிய தாள் ஒன்றை அட்டையுடனேயே வைத்துக்கொள்ளுங்கள். திருநங்கையருக்குப் புராஸ்டேட் சுரப்பி, பிறப்புறுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் உடலில் இருக்கும். கருப்பை வாய் இருக்கும் திருநம்பிகளுக்கு அதன் பரிசோதனை தொடர வேண்டும். வெட்கத்தால் இவற்றை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சேமநிதிக் கணக்கில் யாரை நியமித்திருக்கிறீர்கள் என்று இன்றே பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, நியமிக்கப்பட்டவரே அந்தப் பணத்துக்கு உரியவர். இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய பெயர் இன்றைய உங்கள் விருப்பத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம். உயில் எழுதாமல் இறந்தால், சொத்து 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி மனைவி, பிள்ளை, பெற்றோருக்கே செல்லும். முதுமையில் உங்களைப் பார்த்துக்கொண்ட தோழிக்கு ஒரு நாற்காலிகூடக் கிடைக்காது. 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் முன்னிருந்து கையொப்பமிட வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருக்கக்கூடாது. அன்போடு பார்த்துக்கொண்ட தோழியையே சாட்சியாக்கி, அவருக்கு எழுதியதை அவருக்கே கிடைக்காமல் செய்துவிடுவது நல்லெண்ணத்தில் நடக்கும் தவறு. உயிலில் பழைய பெயர், புதிய பெயர், அட்டை எண் மூன்றையும் எழுதுங்கள்.

இறுதிச் சடங்கைப் பற்றி உயிலில் எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள். உயிலைப் பிரிக்கும்போது பெரும்பாலும் காரியமே முடிந்திருக்கும். எனவே தனித்தாளில் எழுதி, சடங்கை முன்நின்று நடத்தப்போகிறவரிடம் இப்போதே கொடுங்கள்: எந்தச் சேலை, கண்ணீர் அஞ்சலித் தாளில் எந்தப் பெயர், எந்தப் படம், கொள்ளி வைப்பது யார், எந்தப் பண்டாரத்தை அழைப்பது. ஒரு பிரதியை மூத்த பிள்ளையிடமும், மற்றொன்றை அந்த அத்தையிடமோ தோழியிடமோ கொடுத்துவையுங்கள். அஞ்சலித் தாளுக்கான படத்தை நீங்களே எடுத்து, அச்சிட்டு, அந்தத் தாளுடன் உறையில் போட்டுவிடுங்கள். படம் கிடைக்காவிட்டால் பழைய கல்யாண ஆல்பத்தைத்தான் தேடுவார்கள்.